வெள்ளம் வடிந்த வீட்டில் மீண்டும் எப்போது சமைக்கத் தொடங்கலாம்?

கேள்வி:
எங்கள் பகுதியில் வெள்ளம் வடிந்துவிட்டது. மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது. குழாய்த் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. இதுவரை பொதுச் சமையற்கூடத்தில் வழங்கும் பொட்டலங்களைத்தான் சாப்பிட்டு வருகிறோம். இனி வீட்டிலேயே உலை வைக்கலாம் என்கிறார் மாமியார். சமையலறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மேல் அலமாரியில் இருந்தவை நனையவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது?

பதில் 1:
வெள்ளநீரில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால், அது தொட்ட உணவுப் பொருள் எதையும், உலர்த்திப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அப்புறப்படுத்திவிடுங்கள். திருகு மூடி போட்ட புட்டிகள் பார்ப்பதற்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் மூடியின் இடுக்கில் அழுக்கு நீர் புகுந்திருக்கும், அவையும் கூடாது. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட தகரடப்பாக்கள் உப்பாமலும் நசுங்காமலும் துருவேறாமலும் இருந்தால், மேலே ஒட்டியுள்ள தாளை உரித்து, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த நீரில் முக்கியெடுத்து வைத்துக்கொள்ளலாம். தாளை உரிக்குமுன் உள்ளே இருப்பது என்ன, எந்தத் தேதிவரை செல்லும் என்பதை டப்பாவின் மீதே எழுதிவிடுவது நல்லது. பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு விழிப்பார்கள்.

குளிர்சாதனப் பெட்டி மின்சாரம் இல்லாமல், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால், சுமார் 4 மணி நேரம்தான் குளிரைக் காக்கும். நிறைந்திருக்கும் உறைபெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு மணத்திலோ சுவையிலோ தெரியாது, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. பெட்டியே நீரில் நின்றிருந்தால், மின்பணியாளர் பார்க்கும்வரை இணைப்பே கொடுக்க வேண்டாம். மரப் பலகை, மரக் கரண்டி ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். உலோகப் பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும்.

பதில் 2:
தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். கலங்கலைத் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடிகட்டிய பின், தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் 1 நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியானால் 3 நிமிடம். எரிபொருள் வாடையோ ரசாயன வாடையோ வந்தால், அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை.

பதில் 3:
மாமியாரின் அவசரம் புரிகிறது. வரிசையில் நின்று வாங்கிய உணவை நாள்தோறும் உண்பது, பழகியவர்களையே சோர்வடையச் செய்யும். ஆனாலும் பொதுச் சமையற்கூடத்தை ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். ஒரு வேளை மட்டும் வீட்டில் சமைத்து, மீதமாகாத அளவே வைத்து, அப்போதே சாப்பிட்டுவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மிச்சச் சோறுதான் பெரிய ஆபத்து. தெருமுனையில் சிறு உணவகம் திறந்திருந்தால், நல்ல நீரில் சமைக்கிறார்களா என்று கேட்டறிந்து, வாரத்தில் சில வேளை அங்கேயும் வாங்குங்கள். பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும்வரை அவர்களிடம் யாரும் வாங்குவதில்லை. அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. மேல் அலமாரியில் இருந்த மாவு தாள் பையில் இருக்கிறது. பை உலர்ந்துதான் இருக்கிறது, ஆனால் மாவு சற்றுக் கட்டி தட்டியிருக்கிறது. இன்னொன்று, மழைக்காகச் சமையலறைக்குள்ளேயே கரி அடுப்பு மூட்டலாம் என்று பார்க்கிறோம்.

பதில் 1:
கட்டி தட்டியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த மாவை எறிந்துவிடுங்கள். கரி அடுப்பு உள்ளே கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அது போதாது. மழை நிற்கும்வரை காத்திருந்து வெளியில் மூட்டுங்கள். அதுவரை பொட்டலம் இருக்கிறதே.