293318625600 என்னும் எண்ணுக்கு ஏன் இத்தனை காரணிகள்?

எண்நாடி கேட்டது:
ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரையின் அட்டவணையில் 293318625600 விடுபட்டுவிட்டது என்று படித்தேன். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்டதே உயர் பகு எண் என்னும் வரையறை புரிகிறது. 12, 24, 36 ஆகியவற்றைக் கையாலேயே சரிபார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு இலக்க எண்ணின் காரணிகளை எவ்வாறு எண்ணுவது? அது விடுபட்டதால் அவருடைய தேற்றங்களுக்குக் குறை உண்டா?

பகாஎண் பித்தன்:
காரணிகளைப் பட்டியலிடவே வேண்டாம்; பகாக் காரணிகளாகப் பிரித்தால் போதும். இந்த எண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. இதன் காரணி ஒன்றை உருவாக்க 2-இன் அடுக்கை 0 முதல் 6 வரை ஏழு வகையிலும், 3-இன் அடுக்கை ஐந்து வகையிலும், 5, 7 ஆகியவற்றின் அடுக்குகளை மும்மூன்று வகையிலும், எஞ்சிய நான்கு பகா எண்களின் அடுக்குகளை இரண்டிரண்டு வகையிலும் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே 7 × 5 × 3 × 3 × 16 = 5040 காரணிகள். அந்த 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களும் இதை மீதியின்றி வகுக்கும். இதை வகுக்காத முதல் எண் 23.

திண்ணைக் கணக்கர்:
எண்ணிக்கை சரி. ஆனால் 5040 காரணிகள் இருப்பதாலேயே அது உயர் பகு எண் ஆகிவிடாது. அதைவிடச் சிறிய எண் எதற்கும் அத்தனை இல்லை என்று காட்ட வேண்டும். முழு நிறுவலுக்கு இங்கே இடமில்லை என்றாலும் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். 19-ஐ நீக்கினால் காரணிகள் பாதியாகும். அதை ஈடுகட்ட, 19-ஐவிடச் சிறிய பெருக்கம் ஒன்றால் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்க வேண்டும். 16-ஆல், அதாவது 2⁴-ஆல், பெருக்கினால் 2-இன் அடுக்குக்கான 7 வகைகள் 11 ஆகும், அதாவது 1.57 மடங்குதான், 15 அல்லது 18-ஆல் பெருக்கினாலும் 1.6 மடங்கைத் தாண்டாது. அடுக்குகள் பெரிய பகா எண்களை நோக்கிக் குறைந்துகொண்டே போவதற்கும் இப்படிப்பட்ட மாற்றீட்டு வாதமே காரணம்: பெரிய பகா எண்ணின் அடுக்கு சிறியதன் அடுக்கைவிட உயர்ந்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றினால் காரணிகள் குறையாமலே எண் சிறிதாகிவிடும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர எப்போதும் 1 என்பதையும் ராமானுஜன் அதே கட்டுரையில் நிறுவியிருக்கிறார்.

பகாஎண் பித்தன்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அட்டவணை எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டது. தேற்றங்கள் அதைச் சார்ந்து நிற்கவில்லை, எனவே குறை ஏதுமில்லை. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்ததற்கும் இந்த ஆய்வே அடிப்படை. வேடிக்கை என்னவென்றால், அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800, விடுபட்ட எண்ணின் சரியாக 23 மடங்கு. புதிய பகா எண் ஒன்று சேர்வதால் அதற்குக் காரணிகள் 10080.