சிபாப் மெஷின் போட்டு 11 நாள் ஆச்சு, வயிறு ஊதுது, கண்ணுல காத்து அடிக்குது, இதெல்லாம் பழகிடுமா?

விடியலுக்குமுன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். வயசு 46. குறட்டை பல வருஷமா இருக்கு, அத ஒரு வியாதியாவே நான் நெனச்சதில்ல, ஆனா ஒருநாள் என் மனைவி "நடுராத்திரில உங்களுக்கு மூச்சே நின்னுடுது, நான் உங்க நெஞ்சு மேல கைய வெச்சுப் பாத்துக்கிட்டே முழிச்சுக் கெடக்குறேன்"னு சொல்லி அழுதுட்டா, அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன். ஸ்லீப் ஸ்டடில ஏஹெச்ஐ 38 வந்துச்சு. அதாவது மணிக்கு 38 தடவ மூச்சு நிக்குது, இல்லன்னா ரொம்பக் கொறையுது. 30ஐ தாண்டினாலே தீவிரம்னு சொல்லிட்டாங்க. ரத்தத்துல ஆக்சிஜன் 79 சதவீதம் வரைக்கும் இறங்கியிருக்கு.

ஆட்டோ சிபாப் மெஷின் குடுத்தாங்க, அதாவது தொண்டை அடைக்காம இருக்க மாஸ்க் வழியா காத்த அழுத்தமா தள்ளுற மெஷின், அழுத்தத்த தேவைக்கேத்த மாதிரி தானே மாத்திக்கும். மாஸ்க் நேசல், மூக்க மட்டும் மூடுறது. இன்னையோட 11 ராத்திரி ஆச்சு. படுத்த உடனே மொதல் பத்து நிமிஷம் காத்து பத்தாத மாதிரி இருக்கு, மூச்ச இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கு. எப்படியோ தூங்கிடுறேன். ரெண்டு மணி வாக்குல இடது கண்ணுல ஜில்லுன்னு காத்து அடிச்சு முழிப்பு வந்துடுது, ஸ்ட்ராப்ப இன்னும் கொஞ்சம் இறுக்குறேன், அப்ப இன்னொரு பக்கம் புஸ்ஸுன்னு சத்தம். மூக்குத்தண்டு மேல இப்ப செவந்து தோல் உரிய ஆரம்பிச்சிருச்சு, கண்ணாடி போட்டா எரியுது. காலைல எழுந்தா வாய் காஞ்ச காகிதம் மாதிரி, வயிறு உப்பி தட்டினா டொம்முன்னு சத்தம் வருது, ஒரு மணி நேரம் ஏப்பமா வருது. பல நாள் மாஸ்க் தலகாணிக்குப் பக்கத்துல கெடக்குது, எப்ப கழட்டினேன்னே ஞாபகம் இல்ல. மெஷின்ல பாத்தா நேத்து 3 மணி நேரம் 10 நிமிஷம்தான் போட்டிருந்ததா காட்டுது.

ஆனா ஒண்ணு சொல்லியாகணும். நாலாவது ராத்திரி மட்டும் எப்படியோ அஞ்சு மணி நேரம் தொடர்ந்து போட்டிருந்தேன், அன்னைக்குக் காலைல தலைவலி இல்ல. எத்தனையோ வருஷமா காலைல தலைவலியோடதான் எழுந்திருக்கேன், அது இல்லாம எழுந்தா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் மெஷின தூக்கிப் போட மனசு வரல.

யாரக் கேட்டாலும் "பழகிடும் பழகிடும்"னுதான் சொல்றாங்க. உண்மையாவே இதெல்லாம் பழகிடுமா, இல்ல ஏதாவது தப்பா பண்றேனா?

ஆறாம்வருஷம்:

சார் வணக்கம். நான் ஆறு வருஷமா போடுறேன். உங்க கேள்விலயே விஷயம் இருக்கு. பழகுறது வேற, சரி பண்ண வேண்டியது வேற. மெஷின் சத்தம், மூஞ்சில ஒரு பொருள் இருக்குற உணர்வு, திரும்பிப் படுக்கும்போது ட்யூப் இடிக்கிறது, இதெல்லாம் சில வாரத்துல பழகிடும். கண்ணுல அடிக்கிற காத்தும் மூக்குப் புண்ணும் வயிறு ஊதுறதும் பழக வேண்டிய விஷயமே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கு. அதயெல்லாம் சகிச்சுக்கிட்டு இருந்துட்டு கடைசில மெஷினையே விட்டவங்கள நெறைய பாத்திருக்கேன், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

மொதல்ல ஸ்ட்ராப். இறுக்காதீங்க சார், தயவுசெஞ்சு. மாஸ்க் குஷனோட ஓரத்த விரலால தொட்டுப் பாருங்க, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா ஒரு சிலிகான் மடிப்பு இருக்கும். காத்து வந்ததும் அது பலூன் மாதிரி உப்பி முகத்தோட வளைவுக்கு ஏத்த மாதிரி ஒட்டிக்கும், லீக்க தடுக்குறது அந்த உப்பல்தான். நீங்க இறுக்கினா அந்த மடிப்பு நசுங்கிடுது, நசுங்கின எடத்துல ஒரு சுருக்கம் விழுது, அந்த சுருக்கம் வழியாத்தான் கண்ணுக்குக் காத்து போகுது. உடனே இன்னும் இறுக்குறீங்க, மூக்குத்தண்டுல புண்ணு. எனக்கும் மொதல் மாசம் அச்சு அசலா இதேதான் நடந்துச்சு.

இப்படிப் பண்ணிப் பாருங்க. உக்காந்துக்கிட்டு கண்ணாடி முன்னாடி மாஸ்க் போடாதீங்க. படுத்துக்கங்க, மெஷின ஆன் பண்ணுங்க, நீங்க வழக்கமா எந்தப் பக்கம் படுப்பீங்களோ அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, ஸ்ட்ராப் எல்லாத்தையும் நல்லா தளத்திடுங்க. அப்புறம் மாஸ்க்க கையால மூஞ்சிலேர்ந்து ஒரு விரல் அளவு இழுத்து மெதுவா விடுங்க, குஷன் தானா உப்பி உக்காரும். அதுக்கு மேல லீக் நிக்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும், ஸ்ட்ராப்புக்கு அடியில ஒரு விரல் சுலபமா போகணும். படுத்தா முகத்து சதை ஒரு பக்கமா சரியும் பாருங்க, அதனாலதான் உக்காந்து போடுற அளவு படுத்தா ஒத்து வராது.

எண்ணெய்ப் பசை இருந்தாலும் வழுக்கிக்கிட்டு லீக் ஆகும். ராத்திரி முகம் கழுவிட்டு க்ரீம் எதுவும் தடவாம போடுங்க, காலைல குஷன மைல்டு சோப்பு தண்ணில கழுவி நிழல்ல காய வைங்க. இதெல்லாம் பண்ணியும் லீக் ஆச்சுன்னா சைஸ் தப்பு, இல்ல உங்க முகத்துக்கு அந்த மாடலே ஒத்து வரல. நேசல் பில்லோன்னு ஒரு வகை இருக்கு, மூக்கு துவாரத்துல மட்டும் உக்காரும், மூக்குத்தண்ட தொடவே தொடாது. புண்ணு ஆறுற வரைக்கும் அத மாத்திப் போட முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

1980ல ஆஸ்திரேலியால காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர்தான் இந்த சிபாப்ப மொதமொதல்ல ஒரு நோயாளிக்கு மாட்டிப் பாத்தார். ஆரம்பத்துல மாஸ்க்க தினமும் ராத்திரி பசை போட்டு மூக்குல ஒட்டுவாங்களாம், காலைல பிச்சு எடுக்கணும். அப்படியும் அந்த ஆளுங்க விடாம போட்டிருக்காங்க, தூக்கம் கெடைச்சதால. அந்த நாலாவது நாள் காலைய மறக்காதீங்க சார்.

சாயந்திரம் டிவி பாக்கும்போது ஒரு அரை மணி நேரம் மாஸ்க்க மாட்டிக்கிட்டு மெஷின் ஆன்ல உக்காந்திருங்க. முழிச்சிருக்கும்போது உடம்புக்கு பயம் போச்சுன்னா தூக்கத்துல கை தானா போயி கழட்டுறதும் கொறையும்.

மல்லிச்செடி:

அண்ணா, வயிறு விஷயம் மட்டும் நான் சொல்றேன், அதுல நான் ரொம்பக் கஷ்டப்பட்டவ. மெஷின் தள்ளுற காத்து மூச்சுக்குழாய்க்குப் போகாம கொஞ்சம் உணவுக்குழாய் வழியா எறங்கிடுது, தூக்கத்துல நாம அத முழுங்கிட்டே இருக்கோம். எனக்கு விலா எலும்புக்குக் கீழ அப்படி வலிக்கும், புடவை கட்டினா இடுப்புல நிக்காது, ஹார்ட்டுக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு பயந்து ராத்திரில உக்காந்து அழுதிருக்கேன்.

எனக்கு உதவுனது எதுன்னா, மொதல்ல டாக்டர் பிரஷரோட மேல் அளவ கொறைச்சார். அப்புறம் மூச்ச வெளிய விடும்போது மட்டும் பிரஷர கொஞ்சம் தணிக்கிற செட்டிங் ஒண்ணு இருக்கு, 1, 2, 3ன்னு மூணு அளவு என் மெஷின்ல, அத 3ல வெச்சாங்க. எதிர்காத்துல மூச்சு விடுற மாதிரி இருந்தது அன்னைக்கே போச்சு. சாப்பிட்ட உடனே படுக்குறத நிறுத்தினேன், கட்டில் தலைமாட்ட கொஞ்சம் உசத்தினேன், இடது பக்கமா படுத்தேன். எனக்கு நெஞ்செரிச்சலும் இருந்துச்சு, அதுக்கு மருந்து எடுத்ததும் காத்து முழுங்குறதும் நல்லா கொறைஞ்சுது. உங்களுக்குப் புளிச்ச ஏப்பம் இருந்தா அதையும் மறக்காம சொல்லிடுங்க.

வாய் காயிறதுக்கு, நேசல் மாஸ்க் போட்டுக்கிட்டு வாய் தொறந்தா மூக்கு வழியா போற காத்தெல்லாம் வாய் வழியா வெளிய ஓடிடும், வாய் காயாம என்ன பண்ணும். வாய் ஏன் தொறக்குதுன்னு பாக்கணும். மூக்கு அடைச்சிருக்கா அண்ணா? அடைச்சிருந்தா வாய் மேல டேப் ஒட்டுறதெல்லாம் பண்ணிடாதீங்க, ஆபத்து. சலைன் ஸ்ப்ரே அடிச்சுப் பாருங்க, மெஷின்ல காத்த ஈரமாக்குற ஹியூமிடிஃபயர ஒரு நம்பர் கூட்டுங்க. டேங்குல டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், மிச்சம் இருக்குறத தினமும் காலைல கொட்டிடணும். ஹியூமிடிட்டி கூட்டி ட்யூபுல தண்ணி சேந்து களகளன்னா மெஷின கட்டில விட தாழ்வா வைங்க, ட்யூபுக்கு ஒரு துணி உறை போடுங்க.

விடியலுக்குமுன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாஸ்க்க நீங்க சொன்ன மாதிரி படுத்துக்கிட்டு தளத்தி மாட்டினேன், நேத்து கண்ணுல காத்து அடிக்கல! ஸ்ட்ராப் இவ்ளோ லூசா இருந்தும் எப்படி நிக்குதுன்னு நம்பவே முடியல. மூக்கு ஆமாம்மா, வலது பக்கம் எப்பவும் அடைப்புதான், டாக்டர்கிட்ட அத சொல்லவே இல்ல. நான் பெரும்பாலும் மல்லாந்துதான் படுப்பேன். மெஷின்ல பிரஷர் 4லேர்ந்து 20னு போட்டிருக்கு, ராத்திரில பெரும்பாலான நேரம் 14.6க்குள்ள இருந்ததா ரிப்போர்ட் காட்டுது. செட்டிங்க்குள்ள போறது எப்படின்னு ஒரு வீடியோ பாத்தேன், நானே 20ஐ 10 ஆக்கிடலாமா?

அலைவரிசை:

வேண்டாங்க, நீங்களா மாத்தாதீங்க. நான் ஸ்லீப் லேப்ல டெக்னீஷியன், ராத்திரி பூரா இந்த வரைபடங்களப் பாக்குறதுதான் வேலை. மேல் அளவ கண்ண மூடிக்கிட்டு கொறைச்சா வயிறு சரியாகலாம், ஆனா தொண்டை மறுபடி அடைச்சிக்கும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

4லேர்ந்து 20ங்கிறது மெஷினோட முழு எல்லை, உங்களுக்குன்னு அளந்து வெச்சது இல்ல. 4ங்கிறது பெரியவங்க நெறைய பேருக்குப் பத்தவே பத்தாது, படுத்த உடனே மூச்சு முட்டுற மாதிரி இருக்குன்னீங்களே அதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதோட மல்லாந்து படுத்தா நாக்கும் மேலண்ணத்துச் சதையும் பின்னாடி சரியுது, மெஷின் அத ஒவ்வொரு மூச்சுலயும் கவனிச்சு பிரஷர ஏத்திக்கிட்டே போகுது, பிரஷர் ஏற ஏற வயித்துக்குள்ள காத்து போகுது, மாஸ்க்கும் லீக் ஆகுது. லீக் ரொம்ப அதிகமானா தொண்டையில என்ன நடக்குதுன்னு மெஷினாலயே சரியா கணிக்க முடியாது. உங்க தொல்லைகள்ல பாதி ஒண்ணுக்கொண்ணு சங்கிலி மாதிரி கோத்திருக்கு.

அதனால ரிப்போர்ட்டோட டாக்டர்கிட்ட போங்க. கீழ் அளவு, மேல் அளவு, மூச்சு வெளிய விடும்போது தணிக்கிற செட்டிங், மூக்கடைப்பு, இந்த நாலையும் பேசுங்க. மெஷின் போட்டப்புறமும் மிச்சம் இருக்குற ஏஹெச்ஐ எவ்ளோன்னு கேளுங்க, 5க்குக் கீழ வரணும்னுதான் பாப்போம். அதுல தொண்டை அடைக்காமலே மூச்சு நிக்கிறது தனியா ஒரு எண்ணா இருக்கும், ஆரம்பத்துல சிலருக்கு அது புதுசா வரும், பெரும்பாலும் சில வாரம் சில மாசத்துல தானா போயிடும், ஆனா டாக்டர் ஒரு கண்ணு வெச்சிருக்கணும்.

இன்னொண்ணு, இத யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. கனவு வர்ற தூக்கம் விடியக்காலத்துலதான் அதிகம், அப்பதான் தொண்டை சதை ரொம்பத் தளந்து போயிருக்கும், நெறைய பேருக்கு மூச்சு அதிகமா நிக்கிறதும் ஆக்சிஜன் ஆழமா இறங்குறதும் அந்த நேரத்துலதான். நீங்க 3 மணி நேரம் போட்டுட்டு கழட்டிடுறீங்கன்னா மோசமான பாதி ராத்திரிய மெஷின் இல்லாம கழிக்கிறீங்கன்னு அர்த்தம். அதனால எத்தன மணிக்கு முழிப்பு வந்தாலும், மாஸ்க் கழண்டு கெடந்தா, திரும்ப மாட்டிட்டுப் படுங்க. நாலு மணி ஆனாலும் மாட்டுங்க.

பகல்ல தூக்கம் சொக்குறது நிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. அப்புறம் புது மாஸ்க் எடுக்கும்போது, உங்களுக்கோ பக்கத்துல படுக்குறவங்களுக்கோ பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது உடம்புல வெச்சிருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, சில மாஸ்க் கிளிப்புல காந்தம் இருக்கு.

பக்கத்துத்தலகாணி:

நான் மெஷின் போடுறவ இல்ல, போடுறவரோட மனைவி. தம்பி, உங்க வீட்டம்மாவ நெனச்சுத்தான் எழுதுறேன். பதினஞ்சு வருஷம் நானும் அப்படித்தான், குறட்டை நின்னா எனக்கு மூச்சு நின்னுடும், திரும்ப அவர் "ஹக்"குன்னு இழுத்தாத்தான் எனக்கு உயிர் வரும். மெஷின் வந்த மொத வாரம் ரூம் அமைதியா இருந்துச்சா, அந்த அமைதியிலயே பயந்து பயந்து எழுந்து பாத்தேன். அவங்களுக்கும் கொஞ்ச நாள் ஆகும். மாஸ்க் கழண்டா மெதுவா தட்டி எழுப்பச் சொல்லுங்க, சண்டை போடாம மாட்டிக்கங்க. ட்யூப தலைக்கு மேல ஒரு கொக்கி போட்டுத் தொங்க விட்டோம், திரும்பும்போது இழுக்காது.

விடியலுக்குமுன்:

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், நீங்கல்லாம் எதிர்பாத்திருப்பீங்க, மன்னிச்சிடுங்க. டாக்டர் கீழ் அளவ 7, மேல் அளவ 13 ஆக்கிட்டார், வெளிமூச்சு செட்டிங் 3. மூக்குக்கு ஸ்ப்ரே குடுத்தார், வலது பக்கம் தொறந்துடுச்சு. படுத்த உடனே மூச்சு முட்டுறது மொத ராத்திரியே போயிடுச்சு. இப்ப நேசல் பில்லோ போடுறேன். ஒருக்களிச்சுப் படுக்க முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சிக்கிறேன். நேத்து 6 மணி 20 நிமிஷம், மிச்ச ஏஹெச்ஐ 3.1. வயிறு இன்னும் வாரத்துல ரெண்டு நாள் ஊதுது, முன்ன மாதிரி வலி இல்ல. அக்கா, நீங்க சொன்ன கொக்கி நேத்துதான் அடிச்சேன். என் மனைவி நேத்து எனக்கு முன்னாடி தூங்கிட்டா.

ஒரே ஒரு சந்தேகம், பில்லோ உரசி மூக்கு துவார ஓரம் எரியுது. வாசலின் தடவலாமா?

ஆறாம்வருஷம்:

ரொம்ப சந்தோஷம் சார்! வாசலின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், சிலிகான் கெட்டுடும். தண்ணில கரையிற ஜெல் கேட்டு வாங்கி லேசா தடவுங்க. பில்லோ சைஸ் பொருந்துதான்னும் பாருங்க, பெருசா இருந்தா துவாரத்த விரிச்சு உரசும், சின்னதா இருந்தா உள்ள போயி குத்தும். பெட்டியோட மூணு சைஸ் குடுத்திருப்பாங்க, இன்னைக்கு ராத்திரியே வேற ஒண்ண மாத்திப் போட்டுப் பாருங்க.