கால் மணி நேரத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது: பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

கேள்வி

வணக்கம். வீட்டு உறைக்கிணற்றின் மேல் மேடையில் 1 எச்.பி. மோனோபிளாக் பம்ப் வைத்திருக்கிறோம். கிணற்றின் விட்டம் 1 மீட்டர். சக்‌ஷன் (கிணற்றிலிருந்து பம்ப்புக்கு), டெலிவரி (பம்ப்பிலிருந்து தொட்டிக்கு) இரண்டுமே ஒன்றரை இஞ்ச் பைப். காலையில் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் முழுக் குழாயாகக் கொட்டுகிறது. சுமார் 14 நிமிடம் ஆனதும் பம்ப்புக்குள் கடகடவென்று சத்தம், பிறகு தண்ணீர் விட்டுவிட்டு வந்து நின்றேபோகிறது. பத்து நிமிடம் கழித்து புனலில் தண்ணீர் ஊற்றிப் போட்டால் மறுபடி எடுக்கும், ஆனால் இந்த முறை 7 நிமிடம்தான்.

கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வை மாற்றிவிட்டோம். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தாலும் பம்ப்பில் தண்ணீர் இறங்குவதில்லை. வந்து பார்த்த பிளம்பர், "மோட்டாருக்கு இழுக்கிற சக்தி பத்தல, 2 எச்.பி. போடுங்க" என்கிறார். போடலாமா?

பதில் 1

சக்‌ஷன் பைப்பில் எங்கேயோ காற்று வாங்குது. யூனியனையும் எல்போவையும் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றிப் பாருங்கள். எனக்கு இதே தொல்லை இருந்தது, யூனியன் வாஷர் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பதில் 2

தம்பி, 2 எச்.பி. வாங்கிவிடாதீர்கள். இருபது வருஷமாக மோட்டார் பிரித்து மாட்டுகிறவன் சொல்கிறேன். பெரியது போட்டால் உங்கள் 14 நிமிடம் 6 நிமிடமாகத்தான் குறையும்.

பம்ப் தண்ணீரை இழுப்பதே இல்லை. இம்பெல்லர் (பம்ப்புக்குள் இருக்கிற இறக்கைச் சக்கரம்) சுற்றும்போது உள்ளே இருக்கிற தண்ணீரை விளிம்புக்கு வீசி டெலிவரிப் பக்கம் தள்ளுகிறது. அதனால் நடுவில் அழுத்தம் குறைகிறது. அந்த இடத்துக்குத் தண்ணீரை ஏற்றிவிடுவது கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான். அந்தக் காற்றுக்கு இருக்கிற பலம் கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் தண்ணீர்த் தூணுக்குச் சமம். 1643இல் டோரிசெல்லி குழாயில் நிறுத்திக் காட்டிய 76 செ.மீ. பாதரசமும் இதே எடைதான், பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் குட்டையாக நின்றது. மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் 1 எச்.பி. ஆனாலும் 50 எச்.பி. ஆனாலும் கீழே தள்ளுகிற காற்று ஒன்றுதான்.

அந்த 10.3 முழுவதும் நம் கைக்கு வராது. பைப்பின் உராய்வு கொஞ்சம் தின்னும், புட்வால்வும் அதன் சல்லடையும் கொஞ்சம் தின்னும். அதற்கு மேல், பம்ப்பின் வாயில் ஒன்றரை இரண்டு மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சூடேறாமலே கொதிக்க ஆரம்பிக்கும். நீங்கள் சொன்ன கடகட சத்தம் அதுதான், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு உருட்டினாற்போல் இருக்குமே. ஆவிக்குமிழி உண்டாகி, அழுத்தம் கூடுகிற இடத்துக்குப் போனதும் உடைகிறது. அந்த உடைதல் உலோகத்தையே பெயர்க்கும். போன மாதம் நான் பிரித்த பித்தளை இம்பெல்லர் ஒன்றில், இறக்கைகள் தொடங்குகிற உள்விளிம்பு மட்டும் கரையான் அரித்த மரம் மாதிரி சொரசொரவென்று இருந்தது. வெளிவிளிம்பு புதுசு போலப் பளபளப்பு. அந்த வீட்டிலும் "சத்தம் வருது, ஆனா தண்ணி வருது" என்று ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

மேலே ஒருவர் காற்று வாங்குது என்கிறார், அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் காற்று வாங்குகிற பைப்புக்கு நேரக்கணக்கு கிடையாது. போட்டதிலிருந்தே தண்ணீர் பால்போல வெளுத்து, குமிழியோடு வரும். உங்களுக்கு ஓய்வு கொடுத்தால் 14, கொடுக்காவிட்டால் 7 என்று கணக்காக நிற்கிறது. எனக்குக் கிணற்றின் மேல்தான் சந்தேகம்.

இரண்டு சோதனை செய்யுங்கள். பம்ப்பை நிறுத்தி, டெலிவரி பைப் நிறைந்து நிற்கும்போது சக்‌ஷன் ஜாயிண்ட் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அரை மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். அப்போது உள்ளே அழுத்தம் இருப்பதால், ஓட்டை இருந்தால் கசியும். கசிந்தால் அந்த ஜாயிண்டில் கிரீஸ் அப்பி ஓட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது, ஒரு கயிற்றில் கனமான நட்டைக் கட்டிக் கிணற்றில் விட்டு, பம்ப் வாயிலிருந்து நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பம்ப்பைப் போட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். மேலிருந்தே அளங்கள், கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம். 20 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்பதையும் எழுதுங்கள்.

ஒன்று முக்கியம். தண்ணீர் நின்றதும் உடனே அணைத்துவிடுங்கள். சுற்றும் தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. வறண்டு ஓடினால் சீக்கிரம் கருகிவிடும்.

கேட்டவர்

ஜாயிண்டுகளில் கசிவே இல்லை. கயிறு விட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் 5.3 மீட்டர். கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே போய், தண்ணீர் நின்ற நிமிடத்தில் 7.1. புட்வால்வு அப்போதும் நன்றாக மூழ்கித்தான் இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் எங்களுக்குத் தோன்றவில்லை. வாளி 8 வினாடியில் நிரம்புகிறது.

பதில் 2

கணக்கு நேராக வந்துவிட்டது. 8 வினாடிக்கு 20 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 150. ஒரு மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 785 லிட்டர் இருக்கும். 1.8 மீட்டர் இறங்கியது என்றால் சுமார் 1,410 லிட்டர், 14 நிமிடத்தில், அதாவது நிமிடத்துக்கு 100. நீங்கள் எடுப்பது 150, கிணறு குறைவது 100. ஊற்று தருவது 50தான்.

7.1 மீட்டரோடு ஒன்றரை இஞ்ச் பைப்பின் உராய்வும் புட்வால்வும் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 8.6. முப்பது டிகிரித் தண்ணீருக்கு ஆவியழுத்தம் 0.4. 10.3இல் இவை போக மிச்சம் 1.3 மீட்டர்தான், பம்ப்புக்கு அது போதாது.

பணச் செலவில்லாத வைத்தியம்: டெலிவரி கேட் வால்வை மெதுவாக மூடிக்கொண்டே வந்து வாளி 20 வினாடியில் நிரம்புகிற இடத்தில் நிறுத்துங்கள். எடுப்பு குறைந்தால் மட்டம் இறங்குவது நிற்கும், சக்‌ஷனில் உராய்வும் குறையும். வால்வைத் திருகினால் மோட்டாருக்கு வேதனை என்று பலரும் பயப்படுகிறார்கள். இந்த வகைப் பம்ப்பில் எடுப்பு குறைந்தால் ஆம்பியரும் குறையும். முழுக்க மூடி ஓட்டக் கூடாது, உள்ளேயே சுற்றித் தண்ணீர் சூடாகும். பிஸ்டன், கியர் பம்ப்புகளில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள், பைப் வெடிக்கும். சக்‌ஷன் பக்க வால்வை எந்தப் பம்ப்பிலும் திருகாதீர்கள்.

சக்‌ஷன் பைப்பை 2 இஞ்ச் ஆக்கினால் அதே எடுப்புக்கு உராய்வு மூன்றில் ஒன்றாகிவிடும். பம்ப் வாயில் பைப் அளவைக் குறைக்கிற ரீடுசர் வரும், ஒரு பக்கம் தட்டையானதாக வாங்குங்கள், அந்தத் தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே காற்று தங்கும். பைப்பும் கிணற்றிலிருந்து பம்ப் வரை சற்று ஏறிக்கொண்டேதான் வர வேண்டும், நடுவில் கூனல் கூடாது.

மட்டம் இன்னும் இறங்குகிற கிணறாக இருந்தால், அடுத்து நீர்மூழ்கி பம்ப்தான். அது தண்ணீருக்குள் இருந்தே தள்ளுவதால் இந்த 10 மீட்டர் பிரச்சினையே அதற்கு வராது.

பதில் 3

ஐயா, இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் சுவிட்சை அணைத்த ஓரிரு வினாடியில் பைப்பில் டமால் என்று ஒரு அடி விழுகிறது. சுவரே அதிர்கிறது. மோட்டாரில் கோளாறா?

பதில் 2

மோட்டார் இல்லை. ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் நின்று, திரும்பி இறங்கி, வேகம் பிடித்த பிறகு அதைத் திரும்பவிடாமல் தடுக்கிற உங்கள் நான்-ரிட்டர்ன் வால்வு சாத்துகிறது. ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் வருகிற அடி அது. ஸ்பிரிங் வைத்த நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள், தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும். பைப்புக்குக் கிளாம்ப் போதுமா என்றும் பாருங்கள். பல நாள் அடி வாங்கினால் ஒட்டின பிவிசி ஜாயிண்ட் விட்டுவிடும்.

கேட்டவர்

இன்று வால்வைத் திருகி வாளி 20 வினாடிக்கு வருமாறு வைத்தேன். ஒன்றே கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. மட்டம் 6.4இல் வந்து அப்படியே நின்றுவிட்டது, கடைசி அரை மணியில் நட்டு ஒரே இடத்தில்தான் நனைந்தது. கடகட சத்தம் இல்லை. ஆம்பியர் 6இலிருந்து 5க்கு இறங்கியிருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்த பிறகு நானாகத்தான் அணைத்தேன்.

வால்வின் தண்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் தெரியாமல் முழுக்கத் திறந்துவிடாமல் இருக்க. 2 இஞ்ச் பைப் மாற்றும் வேலையை அடுத்த வாரம் வைத்துக்கொள்கிறோம். மிகவும் நன்றி ஐயா.