புதுப்பிப்பு: பழைய விதித்தொகுப்பு, புதிய எலக்ட்ரோடு

பி91 ஹெடர் (குரோமியம் கலந்த எஃகில் செய்த, பாய்லர் குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாய்) பழுது பற்றி முன்பு கேட்டிருந்தேன்: எங்கள் பழைய வெல்டிங் புரொசீஜரில் இ9015-பி9 என்றிருக்கிறது, இப்போது கிடைப்பதோ இ9015-பி91 (அதே வகை எலக்ட்ரோடின் புதிய பெயர்). ஏஎஸ்எம்இ பாய்லர் விதித்தொகுப்பின் பழைய பதிப்பின்படி கட்டிய பாய்லருக்கு இதைப் போடலாமா என்று.

போடலாம். ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 (அந்தத் தொகுப்பில் வெல்டிங் தகுதி பற்றிய பகுதி) இதில் பார்ப்பது எஃப் எண்ணையும் (எலக்ட்ரோடு வகையின் குழு எண்), ஏ எண்ணையும்தான் (வெல்ட் உலோகக் கலவையின் குழு எண்), இரண்டும் மாறவில்லை. புரொசீஜரில் பெயரைத் திருத்தினோம், புதிய தகுதிச் சோதனை தேவைப்படவில்லை.

அவர் விடாமல் கேட்டது வேறு: இந்த பேட்ச்சில் மாங்கனீசும் நிக்கலும் சேர்ந்து எவ்வளவு? நியாயமான கேள்வி. அந்தக் கூட்டுத்தொகை ஏறினால் உருமாற்ற வெப்பநிலை (சூடாக்கும்போது எஃகின் உள்கட்டமைப்பு மாறத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கும். வெல்டிங்குக்குப் பிந்தைய வெப்பச் சிகிச்சை அதைத் தாண்டினால் வெல்டே பாழ். பெட்டி லேபிளில் இது தெரியாது. பேட்ச் சான்றிதழ்தான் சொல்லும். அது வந்துவிட்டது, அளவு எல்லைக்குள். அப்புறம்தான் வேலையைத் தொடங்கினோம்.