வெயில் பட்டால் எரிகிறது: அப்பாவின் இதயக் குளிசையும் தோலும்

மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து ஒரு மகள்:

அப்பாவுக்கு 68 வயது. வட்டைதான், அதாவது வயல்வெளிதான், அவருக்கு வீடு மாதிரி. நெஞ்சு படபடத்துத் தலைசுற்றி விழுந்தபிறகு ஈசிஜி எடுத்துப் பார்த்து, துடிப்பு ஒழுங்கில்லை என்று அமியோடரோன் 200 மில்லிகிராம் குளிசை தொடங்கினார்கள். முதல் கிழமை நாளுக்கு மூன்று, அடுத்த கிழமை இரண்டு, பிறகு ஒன்று. துடிப்பு அடங்கியது. அப்பா சிறுபோக வேலைக்கு இறங்கிவிட்டார்.

சித்திரை வெயில். ஒரு நாள் பின்னேரம் வந்து, கழுத்தும் முன்னங்கையும் நெருப்புப் பட்ட மாதிரி எரியுது என்றார். பார்த்தால் செக்கச்சிவந்து, தொட விடவில்லை. "பூச்சிக்கு எண்ணெய் அடிச்சதால வந்தது மகள், ரெண்டு நாளில போயிடும்" என்றார். பக்கத்து வீட்டு மாமி பார்த்துவிட்டு அக்கி என்றா. சொன்னதையெல்லாம் பூசினோம்.

நான்காம் நாள் கையைக் கழுவிவிடும்போது, கோயிலில் கட்டிய காப்பு நூல் கொஞ்சம் மேலே நகர்ந்தது. நூல் கிடந்த இடம் மட்டும் மெல்லிய கோடாகப் பழைய நிறத்தில் இருந்தது. எண்ணெய் பட்டிருந்தால் நூல் நனைந்து அதற்குக் கீழேயும் அல்லவா எரிந்திருக்க வேணும்? சேர்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். தோளிலும் முதுகிலும் ஒன்றுமில்லை. தலையில் துவாய் கட்டியும் தாடைக்குக் கீழே சிவந்திருந்தது. அது வயலில் கட்டி நின்ற தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். வெயில் பட்ட இடமெல்லாம் எரிந்திருந்தது, படாத இடம் அப்படியே இருந்தது.

அமியோடரோன் குடிப்பவரின் தோல் வெயிலைத் தாங்காதாம். குளிசை தந்த இடத்தில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. வயல் செய்கிறவர் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய பிழை எங்கள் வீட்டில்தான் நடந்தது. தோலைக் கெடுப்பது குளிசைதான் என்று தெரிந்ததும் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் அதை நிறுத்திவிட்டார். பெட்டியில் மிஞ்சிக் கிடந்ததை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு மாதம் போயும் எரிவு நிற்கவில்லை, ஆனால் படபடப்புத் திரும்பி வந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கு ஓட்டோ பிடித்து ஓடினோம். அங்கே ஒரு டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த மருந்து உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கும், பாதியளவு வெளியேறவே ஒரு மாதத்துக்கு மேலாகும். அதனால் நிறுத்தினாலும் தோல் பல மாதத்துக்கு வெயிலைத் தாங்காது.

இப்போது அப்பா விடியப்புறம் வட்டைக்குப் போய் எட்டரைக்குள் வந்துவிடுவார். முழுக்கைச் சேர்ட், தடித்த பருத்தித் துணியில், கடும் நிறத்தில். கழுத்தைச் சுற்றித் துவாய். முகத்துக்கும் புறங்கைக்கும் சிங்க் ஒக்சைட் சேர்ந்த வெயில் கிரீம். கிரீம் வாங்கும்போது அதில் சிங்க் ஒக்சைட் அல்லது டைட்டேனியம் டைஒக்சைட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குளிசைக்காரரைச் சுடும், வெயிலில் உள்ள நீண்ட அலைப் புறஊதாக் கதிரை (UVA) எல்லாக் கிரீமும் சரியாக மறிக்காது. அதே கதிர் கண்ணாடியையும் ஊடுருவும். கிளினிக்குக்கு வானில் முன் சீட்டில் போன அன்று, கண்ணாடியைப் பூட்டி வைத்தும் ஒரு பக்கக் கன்னம் சிவந்தது.

டொக்டர் அளவையும் 100 மில்லிகிராமாகக் குறைத்துத் தந்திருக்கிறார். வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

காத்தான்குடியிலிருந்து ஒருவர்:

தங்கச்சி, எங்கட உம்மாவுக்கு நடந்தது வேற மாதிரி. ஆனா எல்லாரும் தெரிஞ்சிருக்க வேணும். உம்மா இதயம் பலவீனம் எண்டு எனலாப்ரில் ரெண்டு வருசமாக் குடிச்சவ. ஒரு நாள் காலம்பற மேல் உதடு வீங்கிக் கிடந்துது. முதல் நாள் ஆணத்துக்கு நண்டு போட்டது, அதுதான் எண்டு விட்டுட்டோம். பின்னேரமே வத்திட்டுது. ரெண்டு மாசம் கழிச்சுச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினவவுக்குக் கதைக்க ஏலாது, நாக்குத் தடிச்சு வாய்க்குள்ள நிறைஞ்சு போய்க் கிடக்கு. கடி இல்ல, தடிப்பு இல்ல, வெறும் வீக்கம். 1990 நம்பருக்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸில கொண்டு போனோம். மூச்சுக் குழாய் அடைபட முந்திப் போய்ச் சேர்ந்தது அல்லாஹ்வின் கிருபை.

சாதாரண அலர்ஜிக் குளிசை இந்த வீக்கத்துக்குப் பெரிசாக் கேக்காதாம். வருசக்கணக்காக் குடிச்சுக்கொண்டு இருக்கிற ஆளுக்கும் திடீரெண்டு வருமாம். இனி எனலாப்ரிலும் கூடாது, அதே குடும்பத்து கெப்டோப்ரில், லிசினோப்ரிலும் கூடாது எண்டு கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில சிவப்பு மையால எழுதித் தந்திருக்கிறாங்க. அந்தப் பக்கத்தைப் போன்லயும் படம் எடுத்து வெச்சிருக்கன். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் விடியட்டும் எண்டு பாக்காதீங்க.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்:

எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வயிறு, முதுகு எல்லாம் தடிப்பு. இரத்தம் கட்டாமல் இருக்கத் தந்த குளொபிடோக்ரல் குளிசையால் வந்தது. நிறுத்தலாமா என்று கேட்டேன். "நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் கட்டும்" என்றார் டொக்டர். குளிசையைத் தொடரச் சொல்லிவிட்டு, கடிக்கும் தடிப்புக்கும் வேறு மருந்து சில நாளுக்குத் தந்தார். இரண்டாம் கிழமையில் எல்லாம் மங்கிவிட்டது. எனக்கு அது சரிவந்தது. உங்களுக்கு மாற்றுக் குளிசை வேண்டுமா இல்லையா என்பதை டொக்டர்தான் பார்க்க வேணும்.

மீண்டும் படுவான்கரை மகள்:

காத்தான்குடி நாநா, உங்கள் பதிவைப் பார்த்ததும் அம்மாவின் பிரஷர் குளிசைப் பெட்டியை எடுத்துப் பெயர் வாசித்தேன். எனலாப்ரில் தான். உதட்டு வீக்கத்தைப் பற்றி அவவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவின் மூக்கு நுனியில் இலேசாகச் சாம்பல் கலந்த நீலம் தெரிகிற மாதிரி இருக்கிறது. நீண்ட காலம் அமியோடரோன் எடுப்பவர்களுக்கு இந்த நிறம் வரலாமாம், நிறுத்தினாலும் மெதுவாகத்தான் மங்குமாம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மருந்தில் அயடின் நிறைய இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேணும். வாற செவ்வாய் அதற்கும் கிளினிக்குக்கும் சேர்த்துப் போகிறோம். பின் சீட்டில், யன்னலுக்குத் துணி கட்டி.