ஹாய்ஸ்ட் பாதியில் நிற்கிறது, 1 டன் வாங்கலாமா? அவசரம்

மூட்டைக்காரன்:
வணக்கம். மாடிக் கிடங்குக்கு மூட்டை ஏற்ற 500 கிலோ மின் ஹாய்ஸ்ட் வைத்திருக்கிறோம். நான்கைந்து நடை நன்றாகத் தூக்குகிறது. பிறகு உறுமிக்கொண்டே நின்றுவிடுகிறது, மோட்டாரில் கை வைக்க முடிவதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. பேசாமல் 1 டன் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கப்பி:
ஒரு நடைக்கு எவ்வளவு எடை? எத்தனை மீட்டர் உயரம்? நாளுக்கு எத்தனை நடை? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? தகட்டில் என்ன இருக்கிறது? எதையும் சொல்லாமல் 1 டன் போதுமா என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

மின்னல்வெட்டு:
மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் போய்விட்டது. உறுமல் என்றாலே கெப்பாசிட்டர்தான். மாற்றுங்கள்.

கப்பி:
தண்ணீர் மோட்டார் இழையிலும் இதையேதான் சொன்னீர்கள்.

மின்னல்வெட்டு:
அங்கேயும் கெப்பாசிட்டர்தான். கடைசிப் பதிவைப் படித்துப் பாருங்கள்.

பழைய ஃபிட்டர்:
தம்பி, வாங்குவதற்கு முன்பு தகட்டைப் படிக்கிற வழக்கம் ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் கிலோவை மட்டும் பார்க்கிறார்கள். 'எஸ்3' என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் ஒரு சதவீதமும் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூட்டைக்காரன்:
சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட். ஒரு நடைக்கு 4 மூட்டை, மொத்தம் 200 கிலோ. உயரம் 9 மீட்டர். நாளுக்கு 15 நடை, ஒரே மூச்சில். தகட்டில் 250/500 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 10/5 மீட்டர், எஸ்3 20% 10 நிமிடம் என்று இருக்கிறது. கூட வந்த கப்பியை மாட்டித்தான் ஓட்டுகிறோம். பலம் வேண்டும் அல்லவா?

பழைய ஃபிட்டர்:
நினைத்தேன். எஸ்3 என்றால் ஓய்வு விட்டு விட்டு ஓட்டும் மோட்டார். 20% என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், எட்டு நிமிடம் ஓய்வு. கப்பி மாட்டினால் தூக்கும் எடை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். 9 மீட்டர் ஏற 1 நிமிடம் 48 விநாடி, இறங்க அதே அளவு. ஒரு நடைக்கே மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நீங்களோ பதினைந்து நடையை விடாமல் ஓட்டுகிறீர்கள். கப்பியைக் கழற்றினால் நடைக்கு 1 நிமிடம் 48 விநாடிதான். கட்டும் வாரும் சேர்த்து 250 கிலோவுக்குள் நின்றால் போதும்.

மூன்றாம் ஃபேஸ்:
த்ரீ ஃபேஸ் மோட்டார் வாங்குங்கள், கெப்பாசிட்டர் தொல்லையே கிடையாது. த்ரீ ஃபேஸ் இணைப்பு இல்லையென்றால், சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தை எடுத்து த்ரீ ஃபேஸாகத் தரும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வையுங்கள்.

பழைய ஃபிட்டர்:
வைத்துவிட்டு பிரேக்குக்கு எங்கிருந்து மின்சாரம் எடுப்பீர்கள்? மின்சாரம் வந்தால்தான் அது பிடியை விடும். பெட்டியின் வெளியீட்டில் கொடுத்தால் குறைந்த வேகத்தில் வோல்ட்டேஜும் குறைந்து பிரேக் விடாது. அதற்குத் தனி இணைப்பு வேண்டும்.

மூன்றாம் ஃபேஸ்:
தனியாகக் கொடுக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்?

பழைய ஃபிட்டர்:
கொடுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லையே. இன்னொன்று: நேரடி த்ரீ ஃபேஸ் இணைப்பில் இரண்டு ஒயர் இடம் மாறினால் ஏறு பட்டனுக்கு இறங்கும். மேலே போகும்போது கொக்கி, உச்சியில் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்சைத் தட்டினாலும் அது வேறு திசையைத்தான் நிறுத்தும். சுமை ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாம் ஃபேஸ்:
அதற்குத்தான் ஒயர் மாறினால் ஓடவிடாத ஃபேஸ் வரிசை ரிலே இருக்கிறது. நாற்பது வருடம் பழைய பயத்தையே விற்காதீர்கள்.

ஓம் விதி:
நீங்கள் இருவரும் தனி இழை திறந்துகொள்ளுங்கள். எனக்கு ஒன்று இடிக்கிறது. கப்பி மாட்டி 200 கிலோ என்றால் அது 500-இல் 40% சுமைதான். ஓய்வில்லாமல் ஓட்டுவது தப்புதான், ஆனால் அதற்காக நான்காவது நடையிலேயே கை சுடுமா? கேபிள் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்?

மூட்டைக்காரன்:
40 மீட்டர் நீட்டிப்புக் கேபிள். 1.5 என்று அச்சிட்டிருக்கிறது. பாதி இன்னும் உருளையிலேயே சுற்றிக் கிடக்கிறது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஓம் விதி:
எல்லாச் சம்பந்தமும் உண்டு. 1.5 சதுர மி.மீ. செம்பில் போக 40, வர 40, மொத்தம் 80 மீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம். கிளம்பும் கணத்தில் 20 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் 20 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 184 வந்தால் 64 சதவீதம்தான் மிச்சம்.

பிரேக்கைச் சுருள்வில் பிடித்திருக்கிறது, மின்காந்தம் இழுத்து விடுவிக்கிறது. வோல்ட்டேஜ் போதாவிட்டால் அது அரைகுறையாக விடும். பிரேக்கை இழுத்துக்கொண்டே மோட்டார் சுற்றும், ஆம்பியர் இறங்காது, அதனால் வோல்ட்டேஜும் ஏறாது. சூடேறச் சூடேறக் காந்தச் சுருளின் மின்தடை கூடி இழுவை இன்னும் குறையும். நான்கைந்து நடைக்குப் பிறகு நிற்பது இதனால் என்றே நினைக்கிறேன். 1 டன் வாங்கி இதே கேபிளில் மாட்டினால் இன்னும் மோசமாகும்.

எலக்ட்ரீஷியனை வைத்து, ஹாய்ஸ்டின் முனையில், பட்டனை அழுத்தும் கணத்தில் வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். சுமைக்குக் கீழே யாரும் நிற்க வேண்டாம்.

கப்பி:
பட்டனை விட்டு விட்டுத் தட்டுகிறார்களா? மாடி விளிம்புக்கு நேராக நிறுத்த ஏழெட்டு முறை தொடுவார்கள். ஒவ்வொரு தொடுதலும் ஒரு கிளம்பல், அந்த 20 ஆம்பியர் மறுபடி வரும். ஹாய்ஸ்ட் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதற்கு எம் என்று ரகம் உண்டு: எம்4 ரகம் மணிக்கு 180 கிளம்பல், 30% ஓட்டம். எம்5 என்றால் 240, 40%. புதிது வாங்குவதானால் டன்னை விட்டுவிட்டு இதைக் கேட்டு வாங்குங்கள்.

மூட்டைக்காரன்:
அளந்தோம். சும்மா இருக்கும்போது 208, பட்டன் அழுத்தினால் 184. ஆமாம், தட்டித் தட்டித்தான் நிறுத்துகிறார்கள்.

பழைய ஃபிட்டர்:
கேபிள் என்றுதான் நானும் சொல்ல வந்தேன்.

கப்பி:
சொல்லவில்லையே, ஐயா.

மூட்டைக்காரன்:
(நான்கு நாள் கழித்து) உருளையை எடுத்துவிட்டு 4 சதுர மி.மீ. கேபிளை நேராக இழுத்தோம். அழுத்தும்போது 200 வருகிறது. நேற்று 15 நடையும் நிற்காமல் முடிந்தது. சூடு இருக்கிறது, ஆனால் கை வைக்க முடிகிறது. 1 டன் வாங்கவில்லை. நன்றி.

ஓம் விதி:
சும்மா இருக்கும்போதே 208 என்பது குறைவுதான், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கப்பியைக் கழற்றினீர்களா? நடைக்கு நடை இடைவெளி விடுகிறீர்களா? அந்த 20% அப்படியேதான் இருக்கிறது. கப்பி இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு நடைதான், 15 நடைக்கு இரண்டரை மணி நேரம்.

கப்பி:
பதில் வராது. மூட்டை ஏறிவிட்டது.

மின்னல்வெட்டு:
எதற்கும் கெப்பாசிட்டரையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.