'நோபடி டிடின்ட் கம்': பிழை எங்கே?

உவர்மலையான்: "ஆங்கிலத்தில் இரண்டு மறுப்பு சேர்ந்தால் கணக்கு மாதிரி நேர்மறை ஆகிவிடும், இந்தக் கணக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஏறாது" என்று நிலாவெளியான் நேற்று எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற என் மகளும் கொப்பியில் 'நோபடி டிடின்ட் கம்' என்று எழுதியிருந்தாள். 'நோபடி', 'டிடின்ட்' இரண்டு சொல்லிலும் சிவப்பு வட்டம். ஏன் என்று ஒரு வரி இல்லை. திருகோணமலைப் பிள்ளைகள் பலருக்கு வருகிற பிழை இது. கணக்குத் தெரியாமல் வரவில்லை, 'ஒருவரும் வரவில்லை' என்று தமிழில் நினைப்பதால் வருகிறது. தமிழில் மறுப்பு வினையில் மட்டும் இருக்கிறது. 'ஒருவரும்' மறுப்புச் சொல்லே இல்லை.

நிலாவெளியான்: 'ஒருவரும்' மறுப்பு இல்லையா? அப்படியென்றால் 'ஒருவரும் வந்தார்கள்' என்று சொல்லிக் காட்டுங்கள் பார்ப்போம்.

உவர்மலையான்: 'யாரும் வரலாம்' என்கிறோமே, அதில் எங்கே மறுப்பு?

நிலாவெளியான்: நான் கேட்டது 'ஒருவரும்'. 'யாரும்' இல்லை.

கடற்கரை ரீச்சர்: தம்பிமார், திருத்துகிற வழியைப் பாருங்கள். ஒரு மறுப்பை எடுத்துவிட்டால் போதும். 'ஐ டிடின்ட் சீ நோபடி' என்பதை 'ஐ டிடின்ட் சீ எனிபடி' என்றோ 'ஐ சோ நோபடி' என்றோ எழுதலாம். ஆனால் எழுவாயாக வந்தால் 'எனிபடி டிடின்ட் கம்' சரிவராது, 'நோபடி கேம்'தான். 'கிட்டத்தட்ட இல்லை' என்று பொருள்படும் 'ஹார்ட்லி'யிலும் மறுப்பு ஒளிந்திருக்கிறது. 'கான்ட் ஹார்ட்லி' என்று எழுதக் கூடாது.

உவர்மலையான்: நன்றி ரீச்சர். இதை அந்தக் கொப்பியில் எழுதியிருந்தால் பிள்ளை அழுதிருக்க மாட்டாள். நிலாவெளியான், 'யார் வந்தது?' என்று கேட்டால் ஆங்கிலத்தில் 'நோபடி' என்ற ஒரு சொல்லே முழுப் பதில். தமிழில் 'ஒருவரும்' என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாரும். 'இல்லை' வரும்வரை கேட்டவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதோடு உம்முடைய கணக்கு விதியை அழுத்திச் சொன்னவர்கள் 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோத் போன்ற இலக்கணக்காரர்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சோசர் ஒரே வசனத்தில் இரண்டு மூன்று மறுப்பு அடுக்கினார். அர்த்தம் மறுப்பாகவேதான் நின்றது.

நிலாவெளியான்: சோசர் வந்து பரீட்சைத் தாள் திருத்தப் போகிறாரா? முதலில் 'திருக்கோணமலை'க்கு 'க்' போடும், பிறகு ஆங்கிலம் திருத்தலாம். திருக்கோயிலுக்கு 'க்' வரும், இதற்கு வராதா?

உவர்மலையான்: அரசாங்கப் பலகையில் 'திருகோணமலை' என்றுதான் இருக்கிறது. போன மாதமும் தோற்கிற நேரத்தில் இந்தக் 'க்'கைத்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்.

நிலாவெளியான்: தோற்றது யார்? அன்றைக்கு இரவோடு இரவாகப் பதிவை அழித்தது நீர்.

கடற்கரை ரீச்சர்: 'நொட் அன்கொமன்' (அபூர்வமில்லை) மாதிரி வேண்டுமென்றே வைக்கிற இரட்டை மறுப்பும் உண்டு. அது பிழை இல்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

உவர்மலையான்: எங்களிடமும் 'ஆசை இல்லாமல் இல்லை' இருக்கிறது, ரீச்சர். மறுப்பு இரண்டு, அர்த்தம் ஆசை உண்டு என்பது. ஏறாது என்று சொன்ன கணக்கை நாங்கள் வீட்டில் தினமும் கதைக்கிறோம்.

நிலாவெளியான்: எல்லாம் சரி. 'ஒருவரும் வந்தார்கள்', இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

உவர்மலையான்: பதில் மேலே இருக்கிறது. வாசியும்.

நிலாவெளியான்: வாசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். 'க்'குக்கும் பதில் இல்லை.